வெயிலிலும் ஓடும் கான்

ஆற்றில் குளிக்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் பக்கம் கடைசியாக எப்போது மழை பெய்தது? கேட்டவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன் ஏதோ பெரிதாகச் சொல்வான் என்று வந்திருப்பார்; இவனோ மழைக் கதை கதைக்கிறான்.

எனக்கு வேலை கண்டிப் பக்கம். சொந்த ஊர் மகாவலியின் மேல்பகுதியில், நாவலப்பிட்டிக்கும் கம்பளைக்கும் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் உள்ள ஒரு சின்ன டவுன். பெயரைப் போடவில்லை. போட்டால், கீழே நான் சொல்லப்போகிற குழாய் யாருடைய கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது என்று எங்கள் ஆட்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த மனிதர் இப்போது எனக்குக் கடையில் மிச்சக் காசு சரியாகக் கொடுக்கிறார். அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

சரி, மழை ஏன் என்று சொல்கிறேன். ஆற்றுத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று அறிய நாங்கள் தேடுவது ஈ.கோலை என்ற பக்டீரியாவை. மனிதர், மாடு, நாய் என்று சூட்டு இரத்தப் பிராணிகளின் குடலில் வாழ்வது. அதில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஆனால் அது வந்த வழியில் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் தருகிறவையும் வந்திருக்கலாம் என்பதுதான் பயம். 2007-ல் கம்பளையில் ஹெபடைடிஸ் ஏ என்ற செங்கமாரி பரவியது எங்கள் பக்கத்தில் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது? ஆற்றில் இறங்கி, ஓட்டத்தை எதிர்த்து நின்று, காலால் கலக்கிய மண் போத்தலுக்குள் வராதபடி ஒரு சாண் ஆழத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வடிதாளில் வடித்து, ஊட்டத்தட்டில் வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் விட்டால், மறுநாள்தான் புள்ளி புள்ளியாக முளைக்கும். அதை உட்கார்ந்து எண்ண வேண்டும். சனிக்கிழமை எடுத்த தண்ணீரின் கணக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வரும். அதற்குள் சனிக்கிழமை குளித்தவர்கள் தலை துவட்டி, சோறு சாப்பிட்டு, தூங்கியும் எழுந்திருப்பார்கள். ஞாயிறு அந்த இடத்தில் ஓடுவது வேறு தண்ணீர்.

அதனால்தான் ஆற்றுக் குளிப்பை ஒழுங்காக நடத்துகிற ஊர்களிலும் ஆய்வுகூடத்தைப் பார்க்கிற அளவுக்கு மழைக் கணக்கையும் பார்க்கிறார்கள். மழை டவுனையே கழுவி ஆற்றில் கொட்டுகிறது. கான் என்கிற வடிகால், தெரு, மாட்டுப்பட்டி, நிரம்பிய மலக்குழி எல்லாமே ஒரே சமயத்தில் வந்து விழும். பிறகு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தால் தண்ணீர் தெளியும். தெளிந்த தண்ணீருக்குள் வெயில் இறங்கும், வெயிலின் புறஊதாக் கதிர் பக்டீரியாவைக் கொல்லும். கலங்கிய தண்ணீரில் அந்தக் கதிர் மேலேயே நின்றுவிடும். ஆகவே மழைக்குப் பிறகு குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் மூன்று நாள் இறங்காமல் இருங்கள். தண்ணீர் இன்னும் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அதற்குப் பிறகும் வேண்டாம்.

மலைநாட்டில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் ஆற்றுக்கு ஓடுவது சித்திரை லீவில். அந்த மாதத்தில் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆறு வற்றிக் கல் தெரியும். பின்னேரம் இடி முழக்கத்தோடு ஒரு பாட்டம் கொட்டித் தீர்க்கும். மறுநாள் காலையில் மறுபடி வெயில். பார்க்கிறவனுக்கு "நல்ல வெயில், குளிக்கலாம்" என்றுதான் தோன்றும். நேற்றுப் பின்னேரம் இறங்கிய அழுக்கு இன்னும் ஆற்றோடு போய்க்கொண்டிருக்கும் என்பது தோன்றாது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கவலை இல்லை, குளிருக்குப் பயந்தே யாரும் இறங்க மாட்டார்கள்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2012-ல் வெளியிட்ட அளவுகோலில், 100 மில்லிலீட்டர் தண்ணீரில் ஈ.கோலை சராசரியாக 126-ஐத் தாண்டக்கூடாது. 100 மில்லிலீட்டர் என்பது ஒரு பிளேன்டிக் கோப்பை கூட நிரம்பாத தண்ணீர். ஐரோப்பாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கை வேறு மாதிரிப் போடுகிறது. அங்கே ஆறு, ஏரிகளுக்கு 500 வரை மிக நன்று, 1000 வரை நன்று. நமது நாட்டிலும் 2019-ல் வந்த நீர்த்தர ஒழுங்குவிதிகளில் குளிக்கும் தண்ணீர் ஒரு தனி வகையாக வைக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் டவுனில் காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு. "மேல தோட்டத்துல இருந்துதான் எல்லா அசிங்கமும் வருது." தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன் நான், இது எங்கே தைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்கலாம் என்று தோன்றியது. வேலை செய்யுமிடத்தில் என் சொந்த மாதிரிகளைப் போட முடியாது. ஆகவே ஹைட்ரஜன் சல்பைட் குப்பியை எடுத்தேன். 1982-ல் இந்தியாவில் சொல்லப்பட்ட மலிவான முறை. குப்பிக்குள் மருந்தில் ஊறி உலர்ந்த ஒரு காகிதத்துண்டு இருக்கும். மலத்தோடு வருகிற பக்டீரியா தண்ணீரில் இருந்தால் கறுத்துவிடும். திறந்தால் கூமுட்டை நாற்றம் அடிக்கும், திறக்க வேண்டாம். எங்கள் ஊர்க் குளிரில் அது சரியாக வேலை செய்யாது. வீட்டில் சூடாக இருக்கிற இடம் தேடி, கடைசியில் பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கம் வைத்தேன். அம்மா ஒரு வாரம் சமையலறைப் பக்கமே என்னை விடவில்லை.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே விட்டால் எந்தக் குப்பியும் கறுக்கும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கொதித்தாறிய தண்ணீரில் பத்துக்கு ஒன்று, நூற்றுக்கு ஒன்று என்று கலந்து வைத்தேன். தோட்டத்துக்கு மேலே, தோட்டம் முடிந்து டவுன் தொடங்குகிற இடம், டவுனின் பெரிய கான் விழுகிற இடத்துக்குக் கீழே என்று இடம் பிரித்தேன். மழையில்லாத மாசி மாத நாட்கள். தோட்டத்துக்குக் கீழே எடுத்ததில் பத்துக்கு ஒன்று கறுத்தது, நூற்றுக்கு ஒன்று தெளிவாக நின்றது. கானுக்குக் கீழே எடுத்ததில் நூற்றுக்கு ஒன்றும் விடிவதற்குள் கரியாகியிருந்தது.

அப்படியென்றால் தோட்டம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. பத்துக்கு ஒன்று கறுத்ததே. லயத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுப்பட்டி, கழுவினால் ஓடைக்குத்தான் போகும். கக்கூஸ் மேலேயும் தண்ணீர் பிடிக்கிற பீலி கீழேயும் இருக்கிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுக்கிற திட்டங்கள் வந்தது பெரிய விஷயம்தான், ஆனால் சரிவில் அடுக்கடுக்காக வீடு வைத்தால் மேல்வீட்டுக் குழியின் ஊற்று கீழ்வீட்டு முற்றத்தில் வந்து கசியும். இதையெல்லாம் சரிசெய்யக் காணியும் காசும் அரசாங்கமும் வேண்டும். டவுன் கானுக்கு வேண்டியது ஒரு காலை நேர நடை.

நான் இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். மழை நாளில் எல்லாக் கானும் ஓடும், எதுவும் தெரியாது. மழையே இல்லாமல் நாலைந்து நாள் போன பிறகும் ஒரு கான் ஓடுகிறதென்றால், அது மழைத் தண்ணீர் இல்லை. யாரோ ஒருவர் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ வருகிறது. ஊற்று, உடைந்த தண்ணீர்க் குழாய் என்று வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் பார்த்தால்தானே தெரியும்.

எங்கள் பக்கத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் நானும் அக்கா மகனும் விடிய ஆறு மணிக்கு அந்தக் கானில் இறங்கினோம். ஆறு மணி ஏனென்றால், டவுன் எழுந்து கழுவுகிற நேரம் அது. பையன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். முதல் பத்து அடியிலேயே வைத்தியத்துறை வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பான் என்று நினைக்கிறேன். ஆற்றில் விழுகிற வாயிலிலேயே ஒரு அடையாளம் இருந்தது. அந்தக் குளிரில் கான் தண்ணீரிலிருந்து மெல்லியதாக ஆவி எழுந்தது. பக்கத்தில் ஓடிய ஆற்றில் அது இல்லை. அநேகமாக இது கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு கட்டடத்துக்குள் இருந்த தண்ணீர். அடுத்த அடையாளம் சிமெந்தில் ஒட்டியிருந்தது: சாம்பல் நிறத்தில், பஞ்சுபோல, ஓட்டத்தோடு ஆடிக்கொண்டு. பாசி பச்சையாக வழுக்கும். இது பச்சை இல்லை. கழிவுநீர் தொடர்ந்து ஓடுகிற இடத்தில் இழை இழையாக வளர்கிற பக்டீரியா. ஒரு நாள் ஊற்றிய அழுக்குக்கு அது வளராது.

கிளைக்கான் வந்து சேர்கிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, எந்தக் கிளை நனைந்திருக்கிறது, எது காய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனோம். காய்ந்ததை விட்டுவிட்டு நனைந்ததன் வழியே நடந்தால் போதும். கடைத்தெருவுக்குப் பின்னால், மேல்மாடியில் அறைகள் வாடகைக்கு விடுகிற ஒரு கட்டடத்தின் சுவரில் நாலு அங்குல பிவிசி குழாய். சுவருக்கு அடித்த அதே பெயின்ட் குழாய்க்கும் அடித்திருந்தது. அதற்கு மேலே கான் காய்ந்து கிடந்தது.

உரிமையாளரைக் கூப்பிட்டோம். "அது குசினித் தண்ணி மட்டுந்தான் சேர்," என்றார் பரிசோதகரிடம். பரிசோதகர் சிரித்துக்கொண்டே மேல்மாடிக் கழிப்பறையில் கொஞ்சம் ஃபுளோரசீன் சாயத்தைப் போட்டுத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். நாங்கள் குழாயடியில் நின்றோம். முதலில் சாம்பல் தண்ணீர். அப்புறம், அடுத்த அறைகளிலும் ஆட்கள் எழுந்து தண்ணீர் அடிக்க அடிக்க, வெளிர் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிறகு கண்ணைக் கூசுகிற பச்சையாகக் கொட்டியது. "அது பாஸ் வச்ச பைப். எனக்குத் தெரியாது," என்றார் உரிமையாளர். மேசன் பாஸ்மார் தலையில் இந்த நாட்டில் எவ்வளவோ ஏற்றியிருக்கிறோம்.

நடந்தது இதுதான். மலக்குழி கட்டிய நாளிலிருந்து ஒருதரமும் எடுக்கவில்லை. அந்தச் சந்துக்குள் பவுசர் வராது, நீளக் குழாய் போட வேண்டும், காசு அதிகம். குழி நிரம்பி முற்றத்தில் வழியத் தொடங்கியபோது, வழிகிறதைக் கானுக்குத் திருப்பிவிட்டார்கள். இது அந்த ஒருவருடைய கெட்ட புத்தி என்று நான் நினைக்கவில்லை. இலங்கையில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வசதி மிகச் சொற்பமான வீடுகளுக்கே இருக்கிறது. கண்டி நகரத்துக்கு ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனில் கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. எங்களைப் போன்ற சின்ன டவுன்கள் குழியை நம்பித்தான் இருக்கின்றன. ஆற்றோரத்தில் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது. அங்கே கசியாத தொட்டி கட்டி, காலாகாலத்தில் எடுத்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பரிசோதகர் அறிவித்தல் கொடுத்தார். மாதம் ஒன்று போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. ஆற்றில் எல்லாரும் குளிக்கிற துறையில் "குளிக்க வேண்டாம்" என்று ஒரு பலகை மட்டும் வந்தது. அதில் பிள்ளைகள் துவாயைக் காயப்போட்டார்கள். வேலை நடந்தது வேறு வழியில். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது, அதாவது அம்மன் குடத்தைச் சோடித்து எடுப்பது, அந்தத் துறையில்தான். கோயில் தலைவரிடம் நான் குப்பிகளைக் காட்டி விளக்கவில்லை. "அண்ணே, கரகம் பாலிக்கிற எடத்துக்கு மேல அந்தப் பைப் இருக்கு. காலையில ஒருக்கா வந்து பாருங்க," என்றேன். வந்தார், பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக அந்தக் கடைக்குப் போனார். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. அந்தக் கிழமையே நீளக் குழாயோடு பவுசர் வந்தது. தொட்டி வேலை திருவிழாவுக்கு முன் முடிந்தது.

"இவ்வளவு பாடு எதுக்கு, பிளீச்சிங் பவுடரைக் கொட்டினா சரிதானே?" என்று கேட்டவர்களும் உண்டு. கிணற்றுக்குக் கொட்டுவதுபோல ஆற்றுக்குக் கொட்ட முடியாது. கொட்டியது கொஞ்ச நேரத்தில் கம்பளைப் பக்கம் போயிருக்கும், போகிற வழியில் மீனைக் கொன்றிருக்கும். பின்னால் வருகிற தண்ணீர் பழைய தண்ணீர்தான். கிருமி கொல்வதெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குள், தெளிந்த தண்ணீரில், குளோரினாலோ புறஊதா விளக்காலோ செய்கிற வேலை.

பெரிய நகரங்களிலும் கடைசியில் வேலை குழாய்களில்தான் போய் முடிந்திருக்கிறது. பொஸ்டனின் சார்ள்ஸ் ஆற்றுக்கு 1995-ல் தண்ணீர்த் தரத்துக்குக் கிடைத்த மதிப்பெண் டி. மழைநீர்க் கான்களில் கள்ளத்தனமாகச் சேர்ந்திருந்த கழிவு இணைப்புகளைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள், மழையில் நிரம்பி வழிகிற வாய்களை அடைத்தார்கள். 2013-ல் பொதுமக்கள் அதில் நீந்தினார்கள். பாரிஸில் 1923-லிருந்து செய்ன் ஆற்றில் குளிக்கத் தடை இருந்தது. ஒலிம்பிக்குக்காகச் சுமார் 140 கோடி யூரோ செலவழித்து, தவறாக இணைத்திருந்த வீடுகளைத் திருத்தினார்கள், படகு வீடுகளைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்தார்கள், மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க 50,000 கன மீட்டர் தொட்டி கட்டினார்கள். 2024-ல் தொடக்க விழாவன்றே மழை கொட்டியது. ஜூலை 30 நடக்கவேண்டிய, ஆற்றில் நீந்துவதும் சேர்ந்த ஆண்கள் டிரையத்லன் மறுநாளுக்குப் போயிற்று. 2025 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இவ்வளவு காசு கொட்டியும் அவர்களும் மழை பெய்தால் மூடத்தான் செய்கிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள். அமெரிக்காவில் நீச்சல் தடாகத்தில் அளந்து பார்த்ததில், முக்கால் மணித்தியாலத்தில் பெரியவர்கள் விழுங்கியது சராசரி 16 மில்லிலீட்டர், பிள்ளைகள் 37. ஆகவே "நாங்க சின்ன வயசுல முங்கிக் குளிச்ச ஆறுதானே" என்பதைப் பிள்ளைக்கு அளவுகோலாக எடுக்காதீர்கள். கானுக்கும் பாலத்துக்கும் கீழே வேண்டாம், டவுனுக்கு மேலே போங்கள். அடி மண்ணை மிதித்துக் கலக்கி விளையாடுகிற இடத்தில் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். மழையில் வந்தது அந்த மண்ணில்தான் படிந்து கிடக்கும். மேலே அணை இருக்கிற ஆறு என்றால் நீர்மட்டம் திடீரென்று ஏறும், அதுவும் நினைவிருக்கட்டும்.

எலிக்காய்ச்சலுக்கு ஈ.கோலை கணக்கு எதுவும் சொல்லாது. அது எலியின் சிறுநீரில் வருவது, காலில் இருக்கிற புண் வழியாக ஏறும். குழாயையெல்லாம் அடைத்தாலும் எலி இருக்கும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். குளித்து ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், பனடோல் போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் "ஆற்றில் குளித்தேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் டெங்கு என்று நினைக்கக்கூடும்.

அந்தக் குழாய் போன பிறகு துறைக்குக் கீழே மறுபடி குப்பி வைத்தேன். நூற்றுக்கு ஒன்று தெளிவாக நிற்கவில்லை. ஆனால் முன்போல விடிவதற்குள் கறுக்காமல், மறுநாள் பின்னேரம்தான் கறுத்தது. காரணம் தெரியும். சந்தைக்குப் பின்னால் இன்னொரு கான் இருக்கிறது, அதன்மேல் கடைகள் கட்டிவிட்டார்கள், உள்ளே இறங்கி நடக்க முடியாது. அதற்கு வேறொரு முறை உண்டு. காய்ந்த நாளில் ஒவ்வொரு கிளைக்கான் வாயிலும் மண்மூட்டை வைத்து அடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்ப்பது. எந்த மூட்டைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அந்தக் கிளையில் ஆள் இருக்கிறது. அடுத்த தை, மாசிக்கு நகரசபையிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். மூட்டைக்கு மண் தருவதாகக் கோயில் தலைவர் சொல்லியிருக்கிறார். அக்கா மகன் மட்டும் அந்த நாட்களில் தனக்கு டியூஷன் இருக்கிறது என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டான்.